டொக்டரும் பென்சிலும்: மனம் இடறும் வைத்தியரைக் கதையில் எழுதுவது எப்படி?

நான் எழுதிய முதல் டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே கை கழுவிக்கொண்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மூன்று பக்கத்துக்கு யோசித்தார். நேர்ஸாக இருக்கும் அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். "இவருக்கு இவ்வளவு நேரம் எங்கயிருந்து கிடைச்சது? கிளினிக்கில சனம் நிக்குதே" என்றாள். அந்தக் கதை குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பெரிய தர்மசங்கடத்தைத் தூக்கி எறியுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள்: ஒரு குப்பி மருந்து, இரண்டு நோயாளிகள். 2022 இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனதைப் பார்த்த கொழும்புக்காரருக்கு அது இன்னும் கிட்ட வரும். ஆனால் அது ஒரு கணக்கு. யாரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே தவிப்புத்தான். இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று வாசகருக்குத் தெரியவராது.

பொலிஸ் கூட்டிவரும் கைதியின் காயத்தை அறிக்கையில் எழுதவேண்டிய சட்ட வைத்திய அதிகாரியும் இப்படித்தான். சித்திரவதைக்கு எதிரான சட்டம் 1994 இலேயே வந்துவிட்டது; பொய் அறிக்கை எழுதினால் அவர் கெட்டவர், உண்மை எழுதினால் வீரர் என்று வாசகர் முதல் பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கை பழகிய பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

உங்களுக்கு வேண்டியது சட்டம் பிடிக்காத, யாரும் முறைப்பாடு செய்யாத, தினமும் நடக்கிற ஒரு சின்னக் காரியம்.

படி 2: நம் ஊர்ச் சறுக்கல் ஒன்றைப் பிடியுங்கள்

என் தெரிவு: சனல். வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். அதே டொக்டர் கடமை நேரம் முடிந்து பின்னேரம் தனியார் இடத்தில் காசுக்கு நோயாளி பார்க்கலாம், அதற்கு அனுமதி உண்டு. நம்பர் எடுத்துப் போய்ப் பார்ப்பதைத்தான் "சனல் பண்ணுறது" என்கிறோம்.

இப்போது நம் டொக்டர். சத்திரசிகிச்சை நிபுணர். காலையில் கிளினிக்கில் பித்தப்பைக் கல்லோடு வருபவருக்கு எட்டு மாதம் கழித்துத் திகதி கொடுக்கிறார். பின்னேரம் அதே கல்லோடு சனல் பண்ணி வருபவர், எப்படியோ, அதே அரசாங்கத் தியேட்டர் பட்டியலில் மூன்றாம் கிழமையே ஏறிவிடுகிறார். டொக்டர் யாரிடமும் காசு கேட்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அந்த "எப்படியோ"வுக்குள்தான் உங்கள் கதை கிடக்கிறது.

படி 3: காரணத்தைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்

"பணத்தாசை" என்று எழுதினால் ஆள் செத்துவிடுவார். நான் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். வருடக் கட்டணம் 15,000 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, அதாவது 30 லட்சம். மே மாதம் 360. அதே கட்டணம் 54 லட்சம் ஆகிவிட்டது. இடையில் விழுந்த 24 லட்சத்தை, ஒரு நம்பருக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால், 1,200 பேர் அந்தக் கதிரையில் வந்து இருந்தால்தான் அடைக்கலாம். மகளை நடுவில் திருப்பிக் கூப்பிடுகிற அப்பாவை நான் கண்டதில்லை.

1,200 என்ற எண்ணைக் கதையில் எழுதவேண்டாம். எழுதுகிற உங்களுக்குத் தெரிந்தால் போதும், அவர் கதவைப் பார்க்கிற விதமே மாறிவிடும்.

மறுபக்கத் தட்டிலும் பாரம் வையுங்கள். இவர் கின்சி வீதியில், 1870 இல் தொடங்கிய மருத்துவ பீடத்தில், ஒரு சதம் கட்டணம் இல்லாமல் படித்தவர். 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளை. அந்தக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் தேயிலை ஏற்றுமதிக் காசு பெரிய அளவில் போயிருக்கிறது. அதையும் கதைக்குள் கொண்டுவராதீர்கள். கிளினிக்குக்கு வரும் மனுசியை, தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஹட்டன் பக்கத்துக்காரி ஆக்குங்கள், அது போதும்.

படி 4: எதிரில் இருப்பவருக்கு வாய் கொடுங்கள்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முதல் வரைவில் அந்த ஹட்டன் அம்மா அழுதார், கும்பிட்டார், டொக்டர் உருகினார். பொய். கொழும்பில் பல வருடம் வீட்டு வேலை செய்து வாழும் ஒருத்திக்கு ஊர் நடப்பு டொக்டரைவிட நன்றாகத் தெரியும். திருத்திய வரைவு இது:

கிளினிக் கொப்பியில் திகதியை எழுதி நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"ஐயா, அந்தி நேரத்துல எங்க சனல் பண்றீங்க?"

"எதுக்கம்மா? இங்கயே பாக்கலாம்."

"இங்க வேணாங்கய்யா. வேலை செய்ற வீட்டு நோனா சொன்னாங்க, அங்க வந்தா சுருக்கா நடக்குமாம்."

பக்கத்து மேசை ஹவுஸ் ஒபிசருக்குத் தமிழ் தெரியாது. டொக்டர் இடத்தின் பெயரைச் சொன்னார்.

கவனியுங்கள். அவர் வழி காட்டவில்லை, அம்மா வழி கேட்டார். சிங்களம் பேசும் கிளினிக்கில் தமிழில் பேச ஒரு டொக்டர் கிடைத்தார் என்ற அவளுடைய ஆறுதலே அவருக்கு மறைப்பாகவும் ஆகிவிட்டது. அவர் சொன்னது ஒரு விலாசம் மட்டும். அதைப் பற்றி ஒரு வரிகூட விளக்கம் எழுதாதீர்கள்.

படி 5: உறுத்தலைக் கையில் வையுங்கள்

மனச்சாட்சி குத்தியது, நெஞ்சு கனத்தது எல்லாம் வேண்டாம். ஒரு பொருளைக் கொடுங்கள். என் டொக்டர் தியேட்டர் பட்டியலைப் பென்சிலால் எழுதுவார். மற்றவர்கள் எல்லோரும் பேனை. நேர்ஸ் கேட்டால், "மாத்த வேண்டி வரும், மிஸ்" என்பார். அழித்த இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்க எழுத்து தெரியும். அழிறப்பர்த் தூளை ஊதமாட்டார். விரலால் ஒதுக்கி உள்ளங்கையில் எடுத்துக் கோட் பைக்குள் போடுவார். வீட்டில் உடுப்புத் தோய்க்கும்போது மனைவி அந்தப் பையை வெளியே புரட்டி உதறுவாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

படி 6: வெட்டவேண்டியவை

மருத்துவச் சொற்களை அடுக்காதீர்கள். வார்டு, டிக்கெட் (வார்டில் நோயாளியின் விபரம் எழுதும் தாள்), கிளினிக் கொப்பி போதும். இறந்துபோகும் குழந்தை வேண்டாம். டொக்டர் தன் காசில் ஏழைக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் காட்சி இருந்தால், அதைக் கதையின் முன்பாதிக்குத் தள்ளுங்கள். பின்பாதியில் வந்தால் பாவமன்னிப்பு ஆகிவிடும். தகவல் தேடுகிறீர்களா? டொக்டரைக் கேட்காதீர்கள், அவர் தன்னை நல்லவராகத்தான் சொல்வார். அட்டெண்டனோடு ஒரு பிளேன்டீ குடியுங்கள்.

படி 7: எங்கே நிறுத்துவது

அவர் திருந்துவதிலும் வேண்டாம், பிடிபடுவதிலும் வேண்டாம். அம்மா மூன்று வீட்டில் கடன் வாங்கிச் சனலுக்கு வருகிறார். பட்டியலில் இடம் வேண்டும். டொக்டர் கொப்பியைத் திறக்கிறார். யாராவது ஒருவர் கீழே போகவேண்டும். ஒரு பெயரின்மேல் அழிறப்பரை வைக்கிறார். அந்தப் பெயரின் சொந்தக்காரர் இந்தக் கதையில் எங்கும் வரவில்லை, முகம்கூட இல்லை. அழித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதுகிறார், இந்தமுறை பேனையால்.

என் மூன்றாவது வரைவு அந்த இடத்தில் நின்றது. அக்கா வாசித்து முடித்துவிட்டு, "அழிச்சது யாரை?" என்று மட்டும் கேட்டாள்.