நிலவின் எதிரொளியிலிருந்து கனிமங்களை அறிவது எப்படி?

நிலவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் சில அலைநீளங்களைத் தரையிலுள்ள கனிமங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைவான நிறமாலையில் அவை பள்ளங்களாகத் தெரியும். எந்த அலைநீளத்தில் பள்ளம் விழுகிறது என்பதைக் கொண்டே கனிமத்தை அடையாளம் காண்கிறோம். சந்திரயான்-1 சுமந்து சென்ற எம்-3 என்ற கனிம வரைபட நிறமாலைக் கருவியின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அது ஏறத்தாழ 430 முதல் 3000 நானோமீட்டர் வரை அளந்தது. கற்றுக்கொள்ள அருமையான தரவு.

முதல் வேலை, அளந்த கதிர்வீச்சை எதிரொளிப்பு விகிதமாக மாற்றுவது. ஒவ்வொரு அலைநீளத்திலும் கதிர்வீச்சை 3.1416-ஆலும், சூரியனிலிருந்து உள்ள தொலைவின் (வானியல் அலகில், அதாவது பூமி–சூரியன் சராசரித் தொலைவை 1 எனக் கொண்டு) வர்க்கத்தாலும் பெருக்கி, பூமியின் தொலைவில் விழும் சூரிய ஒளியின் அளவால் வகுங்கள். நிலவுக்குத் தொலைவு ஏறக்குறைய 1. இதையே செவ்வாய்க்குச் செய்தால் 1.52, அதை மறந்தால் விடை 2.3 மடங்கு குறையும்.

அடுத்து கோணத் திருத்தம். ஆய்வக நிறமாலைகள் பெரும்பாலும் 30 பாகையில் ஒளி விழ, நேர் மேலிருந்து பார்த்து எடுக்கப்பட்டவை. உங்கள் தரவையும் அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சரிவான நிலத்தில் உயர வரைபடத்தைப் பயன்படுத்தாவிட்டால், பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பொய்யாக வெளுத்துத் தெரியும்.

அதிகம் பிழைப்பது வெப்பத்தைக் கழிப்பதில்தான். நண்பகல் நிலவுத் தரையின் சொந்த வெப்பக் கதிர்வீச்சு 2000 நானோமீட்டருக்கு மேல் எதிரொளியோடு கலந்துவிடும். குறைவாகக் கழித்தால் 2800–3000 பகுதியில் நீரும் ஹைட்ராக்சிலும் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணை) உண்டாக்கும் பள்ளம் நிரம்பி மறையும். கூடுதலாகக் கழித்தால் இல்லாத நீர் தோன்றும். எம்-3 தரவு 3000-இல் நின்றுவிடுவதால் அதை மட்டும் வைத்து வெப்பநிலையைக் கணிப்பது கடினம். 5000 வரை அளக்கும் சந்திரயான்-2-இன் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியான ஐஐஆர்எஸ் இங்கே பெரிதும் உதவும்.

இனி, பள்ளத்தின் இரு கரைகளையும் தொட்டு ஒரு நேர்கோடு வரைந்து, நிறமாலையை அந்தக் கோட்டால் வகுங்கள். நிலவின் நிறமாலை சிவப்பை, அதாவது நீண்ட அலைநீளத்தை, நோக்கி ஏறுவதால், வகுக்காமல் பார்த்தால் பள்ளத்தின் அடி குறுகிய அலைநீளப் பக்கம் நகர்ந்து தெரியும். எதிரொளிப்பு விகிதம் பள்ளத்தில் 0.12, கோட்டில் 0.15 என்றால் ஆழம் 1 − 0.12/0.15 = 0.20.

நிலவுப் பாறைகளின் முக்கியக் கனிமங்களில், கால்சியம் குறைந்த பைராக்சீன் 900–940, 1800–2000 நானோமீட்டர் பகுதிகளில் பள்ளம் தரும். கால்சியம் மிகுந்தால் இரண்டுமே நீண்ட அலைநீளம் பக்கம் நகரும். ஆலிவினுக்கு 1050 அருகே அகன்ற பள்ளம் உண்டு, 2000-இல் கிடையாது. படிகம் சிதையாத பிளாஜியோகிளேஸுக்கு 1250 அருகே பள்ளம்.

பள்ளத்தின் ஆழத்தை வைத்து மட்டும் கனிமத்தின் அளவைச் சொல்லாதீர்கள். துகள் மிக நுண்ணியதானாலும், இல்மனைட் என்ற கருங்கனிமம் கலந்தாலும் ஆழம் குறையும். சூரியக் காற்றும் நுண்விண்கற்களும் துகள்களின் மேல் உண்டாக்கும் நானோ அளவு இரும்பும் அதையே செய்யும். அதனால் முதலில், இந்தப் பாதிப்பு குறைவாக உள்ள இளம் மோதுபள்ளங்களின் சுவர்களைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, பக்கத்துப் படப்புள்ளிகளையும் பாருங்கள். ஒரே நெடுவரிசையில் மட்டும் கோடுபோலத் தெரியும் பள்ளம் உணரியின் கோளாறு. அதைக் கனிம வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.