போன பட்ச்சின் எண்ணிலிருந்து உங்கள் எண்ணைக் கழிக்காதீர்கள்

கணினிவழிப் பொருள் விஞ்ஞானக் குழுவுக்குள் (ஒரு பொருளின் சக்தி, காந்தத்தன்மை போன்றவற்றை நிரல் கொண்டு கணக்கிடும் குழு) புதுப் பிள்ளைகள் வந்தால் நடப்பது அநேகமாக ஒன்றுதான். மேற்பார்வையாளர் ஒரு பொருளின் பெயரைச் சொல்வார். மூத்த ஆய்வுமாணவர் பென்டிரைவில் ஒரு போல்டரைப் போட்டுக் கொடுப்பார். பிள்ளை அதை அப்படியே ஓடவிடும். ஓடும், எண்ணும் வரும், எல்லாரும் சந்தோஷம். கமா விட்டது, கோப்பின் பாதையைப் பிழையாக எழுதியது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை நிரலே ஏசித் திருத்திவிடும். நிரல் வாயே திறக்காமல் விடுகிற தவறுகள்தான் ஆறு மாத வேலையைத் தின்கின்றன.

இல்மனைட்டில் தொடங்குவது

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு முதல் பொருளாக இல்மனைட் (இரும்பும் தைத்தேனியமும் உள்ள ஒட்சைட்டுக் கனிமம்) வந்து விழுவதில் வியப்பில்லை. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல் (தைத்தேனியம் ஈரொட்சைட்டு), சிர்க்கன் மூன்றும் கிடக்கின்றன. முன்மொழிவின் முதல் பந்தியில் ஊர்ப்பெயரைப் போடலாம், மாதிரியும் லேசாகக் கிடைக்கும். ஆனால் கணக்குப் பழகுவதற்கு இதைப்போல மோசமான பொருள் வேறில்லை. இரும்பின் டி இலத்திரன்கள் ஒரு தொல்லை, காந்த ஒழுங்கு இன்னொன்று.

இணையத்தில் இறக்கும் கட்டமைப்புக் கோப்பில் 10 அணு கொண்ட சிறிய அலகு இருக்கும். அதில் இரும்பு இரண்டு. ஒன்றுக்கு மேல் ஸ்பின் (அணுவின் சிறு காந்தத்தின் திசை), மற்றதற்குக் கீழ் ஸ்பின் கொடுத்தால் மொத்தக் காந்தத்தன்மை 0 என்று வரும், பிள்ளையும் முடிந்தது என்று நினைக்கும். முடியவில்லை. அந்த இரண்டு இரும்பும் ஒரே படையில் இருப்பவை. இல்மனைட்டில் ஒரு படைக்குள் ஸ்பின்கள் ஒரே திசை. அடுத்த படைதான் எதிர்த்திசை. அதற்கு அலகை இரட்டிப்பாக்கி 20 அணு எடுக்க வேண்டும். 10 அணுவில் வருவது வேறொரு பொருளான மங்கனீசுத் தைத்தேனேற்றின் ஒழுங்கு.

குவாண்டம் எஸ்பிரெசோவில் (நாம் ஓடவிடும் நிரல்) இரும்பை இரண்டு தனி இனமாக எழுதினால்தான் எதிரெதிர்த் தொடக்கம் கொடுக்கலாம். முடிவில் மொத்தக் காந்தத்தன்மையை மட்டும் பார்க்காமல், அதற்கு அடுத்த வரியில் வரும் தனிமதிப்பையும் (திசை பாராமல் கூட்டியது) பாருங்கள். நான்கு இரும்புக்கு அது 16 போர் மக்னெட்டனை (காந்தத்தன்மையின் அலகு) அண்டி இருக்க வேண்டும். அதுவும் 0 என்றால் காந்தமே செத்துப்போயிற்று.

பழக வேண்டுமானால் சிலிக்கனில் தொடங்குங்கள். புல்மோட்டைதான் வேண்டும் என்றால் ரூட்டைல்.

கழித்தல்

குழுவில் திரும்பத் திரும்ப நடப்பது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவது இதுதான்.

ரூட்டைலில் ஓர் ஒட்சிசன் வெற்றிடம் (ஓர் ஒட்சிசன் அணு இல்லாமல் போன இடம்) உருவாக எவ்வளவு சக்தி வேண்டும்? வெற்றிடமுள்ள சுப்பர்செல்லின் (பல அலகுகளை அடுக்கிய பெரிய செல்) சக்தியிலிருந்து முழுமையான சுப்பர்செல்லின் சக்தியைக் கழித்து, ஒட்சிசன் மூலக்கூறின் சக்தியில் பாதியைக் கூட்ட வேண்டும். மூன்றே மூன்று எண்கள். முழுமையான செல்லைப் போன பட்ச் அண்ணா ஏற்கெனவே ஓடவிட்டு வைத்திருப்பார். அதைத் திரும்ப ஓடவிட்டு நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று பிள்ளை அவருடைய எண்ணை எடுத்துக்கொள்ளும். ஒட்சிசன் எண் வேறொரு அக்காவின் ஆய்வேட்டில் இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளும். வெற்றிடத்தை மட்டும் தானே ஓடவிடும்.

மொத்தச் சக்தி என்ற எண்ணுக்குத் தனியே ஓர் அர்த்தமும் இல்லை. அது பொருளுக்கு மட்டும் உரிய எண் அல்ல; சூடோபொட்டென்ஷியல் (அணுவின் உள் இலத்திரன்களுக்குப் பதிலாக வைக்கும் கோப்பு), கட்ஆஃப் (கணக்கில் எடுக்கும் அலைகளின் சக்தி எல்லை), கே புள்ளி வலை (பளிங்குக்காகக் கணக்கு எடுக்கும் புள்ளிகள்), ஸ்மியரிங் (இலத்திரன் நிரம்பும் எல்லையை மழுக்குவது), யூ மதிப்பு (டி இலத்திரன்களுக்கான திருத்தம்) எல்லாவற்றுக்கும் சேர்த்து உரிய எண். கட்ஆஃப் போதாததால் வரும் பிழை ஒவ்வோர் அணுவிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கணக்கும் ஒரே அமைப்பில் ஓடியிருந்தால் அந்தப் பிழை பெரும்பாலும் கழிபட்டுவிடும். அமைப்பு வேறானால் கழிபடாது. அணுக்களின் எண்ணிக்கையால் பெருகும்.

எவ்வளவு பெருகும் என்று போட்டுப் பாருங்கள். ரூட்டைலின் அலகில் 6 அணு, 2×2×3 சுப்பர்செல்லில் 72. அண்ணா 50 ரிட்பர்க் கட்ஆஃபில் ஓடவிட்டிருக்கிறார், நீங்கள் 60இல் ஓடவிடுகிறீர்கள், அணுவுக்கு 1 மில்லிரிட்பர்க் வித்தியாசம் என்று வையுங்கள். வரைபில் அது கண்ணுக்கே தெரியாது. 72 அணுவுக்கு 72 மில்லிரிட்பர்க். 1 ரிட்பர்க் 13.606 இலத்திரன்வோல்ட், ஆக 0.98 இலத்திரன்வோல்ட். நீங்கள் தேடும் விடையே நான்கு, ஐந்து இலத்திரன்வோல்ட் அளவில்தான் இருக்கும். அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கட்டுரையிலும் ஏறிவிடும்.

விடை பல்லாயிரம் என்று வந்தால் அது அதிர்ஷ்டம், உடனே பிடித்துவிடலாம். தைத்தேனியத்தின் சூடோபொட்டென்ஷியல் மாறினால் அப்படித்தான் வரும்: ஒன்றில் 4 வலுவளவு இலத்திரன், உள்ளோட்டையும் சேர்த்ததில் 12. அண்ணாவின் போல்டரில் இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதும் உண்டு.

ஆகவே கழிப்பதற்கு முன் இரண்டு அவுட்புட் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறவுங்கள். இன்புட்டை அல்ல, அவுட்புட்டை. நிரல் உண்மையில் எதை எடுத்தது என்பது அங்கேதான் இருக்கும். முதலில் இலத்திரன் எண்ணிக்கை. 12 இலத்திரன் தைத்தேனியம் 24, 6 இலத்திரன் ஒட்சிசன் 48, கூட்டினால் 576. ஒரு ஒட்சிசனை எடுத்த செல்லில் 570 இருக்க வேண்டும். அதன்பின் சூடோபொட்டென்ஷியல் ஒவ்வொன்றுக்கும் கீழே அச்சாகும் எம்டி5 எண். பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த எண் வேறென்றால் கோப்பு வேறு. பிறகு அலைச்சார்புக் கட்ஆஃப், அடர்த்திக் கட்ஆஃப். இரண்டாவதை எழுதாமல் விட்டால் நிரல் முதலாவதின் 4 மடங்கை எடுத்துக்கொள்ளும். அல்ட்ராசொஃப்ட் வகைச் சூடோபொட்டென்ஷியலுக்கு 8 முதல் 12 மடங்கு வேண்டும். பரிமாற்றச் சார்பு, ஸ்மியரிங் அகலம், கே புள்ளிகள், நிரலின் பதிப்பு எண் என்று மற்றவற்றையும் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும்.

யூ போட்ட கணக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். யூ உள்ள சக்தியை இல்லாததோடு ஒப்பிட முடியாது. 3 போட்டதை 4 போட்டதோடும் முடியாது. எஸ்பிரெசோவின் 7.1ஆம் பதிப்பில் யூ கொடுக்கும் முறையே மாறிவிட்டது, பழைய வரிகள் புதியதில் செல்லாது. அந்த வரிகளை அழித்தால் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிற கெட்டிக்காரப் பிள்ளை ஒவ்வொரு பட்ச்சிலும் ஒன்று இருக்கும். ஓடும்தான். ஆனால் அது வேறு கணக்கு.

ஒட்சிசன் மூலக்கூறுக்கு ஸ்பின் கட்டாயம்: மொத்தக் காந்தத்தன்மை 2. ஸ்பின் இல்லாமல் ஓடவிட்டால் சக்தி சுமார் 1 இலத்திரன்வோல்ட் மேலே நிற்கும், அதில் பாதி உங்கள் விடைக்குள் வந்துவிடும். பெட்டி 12 ஆங்ஸ்ட்ரமுக்குக் குறையாமல், கே புள்ளிகளில் காமா (நடுப்புள்ளி) மட்டும், கட்ஆஃப் செல்லுக்குப் போட்ட அதே அளவு. பிபிஇ என்ற பரிமாற்றச் சார்பு இந்த மூலக்கூறின் பிணைப்பை மிகையாகக் காட்டும் என்பது தெரிந்த விஷயம். திருத்தம் போட்டீர்களா இல்லையா என்பதை எழுதி வையுங்கள்.

அண்ணாவின் எண்ணை நம்பலாமா என்று சோதிக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. 6 அணு அலகை உங்கள் அமைப்பில் 6×6×9 வலையோடு மடிகணினியிலேயே ஓடவிடுங்கள், பெரிய வேலையில்லை. வரும் சக்தியை 12ஆல் பெருக்குங்கள். 72 அணு செல்லை அவர் 3×3×3 வலையில், அதே அமைப்பில் ஓடவிட்டிருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்ட வேண்டும், ஏனென்றால் நகர்த்தாத அந்த இரண்டு வலையும் ஒன்றுதான். ஒட்டவில்லை என்றால் அவருடைய எண்ணை மறந்துவிட்டு முழுச் செல்லையும் நீங்களே ஓடவிடுங்கள். மறுபரிசீலகர் கேட்டபின் ஓடவிடுவதைவிட இது லாபம்.

கோர் எல்லாவற்றையும் பிடிப்பது

8 கோர் கணினியில் 8 எம்பிஐ வேலை (ஒரே கணக்கைப் பிரித்துச் செய்யும் தனி ஓட்டங்கள்) போட்டு, ஒவ்வொன்றும் தனக்குள் 8 திரெட் (இணையாக ஓடும் இழை) திறந்தால் 64 திரெட்டுகள் அடிபடும். ஓபன்எம்பி திரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்துவிட்டுத் தொடங்குங்கள். உண்மையான கோர்களை மட்டும் எண்ணுங்கள், இரட்டித்துக் காட்டுகிறதை அல்ல. திருமலை வெயிலில் மூடிய அறைக்குள் மடிகணினி இரவு முழுக்க ஓடினால் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கோரைச் சும்மா விட்டால் சில வேளை கணக்கு முந்தி முடியும்.

மின்வெட்டு

கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எஸ்பிரெசோ ஒழுங்காக நின்றிருந்தால்தான் ரீஸ்டார்ட் வேலை செய்யும். அலைச்சார்புகள் வழமையில் நினைவகத்திலேயே இருந்து முடிவில்தான் டிஸ்கில் எழுதப்படும். வெட்டு நேரம் முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு அரை மணி முன்னால் நிற்கும்படி அதிகபட்ச விநாடியைக் கொடுங்கள். யூபிஎஸ்ஸை நம்புகிறவர்கள் ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். நிறுத்தச் சொன்னாலும் நிரல் அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அணு நகர்த்தும் கணக்கு நடுவில் செத்தால், அவுட்புட்டில் கடைசியாக அச்சான இடங்களை எடுத்துப் புது இன்புட்டில் போடுங்கள். கிட்டத்தட்ட எல்லாம் மிஞ்சும்.

ஒரே பிரீஃபிக்ஸ், ஒரே போல்டர், இரண்டு வேலை

பிரீஃபிக்ஸ் என்பது நிரல் தன் கோப்புகளுக்கு வைக்கும் பெயர். அது ஒன்றானால் ஒரு வேலை மற்றதன் மேல் எழுதும்.

"அண்ணா, ஓடுதில்லை"

இரவு பதினொன்றுக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில், சரிந்த கோணத்தில் எடுத்த திரைப் படத்தோடு இது வரும். அதிலிருந்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. முழு இன்புட், அவுட்புட்டின் முதல் 100 வரி, கடைசி 50 வரி, கிராஷ் கோப்பு, எந்தக் கணினி, எத்தனை கோர், கடைசியாக ஓடியதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்பன வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போதே பாதிப் பேருக்குப் பிழை கிடைத்துவிடும். ஆளையும் பார்த்துக் கேளுங்கள்: கம்பைல் ஆகவில்லை என்று பேராசிரியரிடம் போவதும், கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது என்று சேவர் பார்க்கிறவரிடம் கேட்பதும் இரண்டு பேருடைய நேரத்தையும் கெடுக்கும்.

வாஸ்ப் கொப்பி

வாஸ்ப் உரிமம் வேண்டிய இன்னொரு நிரல். உரிமம் இல்லாமல் வேறு குழுவிடம் வாங்கி ஓடவிடாதீர்கள். எஸ்பிரெசோ இலவசம்.

மாதிரி செய்தவரிடம் பேசாதது

நீங்கள் கணிப்பது குறையில்லாத பளிங்கு, பரிசோதனைக்காரர் கையில் இருப்பது மணல். தூய இல்மனைட்டில் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பங்கு நிறைப்படி 52.6 வீதம். கடற்கரை இல்மனைட்டோ காலப்போக்கில் வானிலையால் அழிந்து, இரும்பில் ஒரு பகுதி மும்மை வலுவளவுக்கு மாறி, இன்னொரு பகுதி கரைந்தும் போயிருக்கும். பட்டை இடைவெளி (இலத்திரன்கள் இருக்க முடியாத சக்தி இடைவெளி) ஒட்டவில்லை என்று யூவைத் திருகிக்கொண்டிருப்பதற்கு முன் அவரிடம் இரசாயனப் பகுப்பாய்வு அட்டவணையைக் கேளுங்கள்.

போகும்போது

உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளையும் கழிக்கத்தான் போகிறது. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு சிறு உரைக் கோப்பு வையுங்கள்: நிரலின் பதிப்பு, சூடோபொட்டென்ஷியல் எந்த நூலகத்தில் இறக்கியது, அதன் எம்டி5, கட்ஆஃப் இரண்டும், கே வலை, யூ, அந்தக் கணக்கு எதற்காக. சூடோபொட்டென்ஷியல் கோப்பையே உள்ளே போட்டுவிடுங்கள். இன்புட்டும் அவுட்புட்டும் சில மெகாபைட்தான், அவை இருக்கட்டும். அலைச்சார்புக் கோப்புகளை அழித்துவிட்டுப் போங்கள். டிஸ்கை நிரப்புகிறவை அவைதான், திரும்ப உருவாக்கவும் முடியும்.