டெல்டாவின் நீருக்குக் கயாக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயாக் வாங்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் படகைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை எங்கே இறக்குவது என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார்கள். காவிரிப் படுகையில் இதைவிடப் பெரிய தவறு வேறில்லை என்பேன். ஏனெனில் இங்கே ஓடும் ஆறுகள் தம் விருப்பத்துக்கு ஓடுகிறவை அல்ல. பாசனத்துக்காகத் திறந்தும் அடைத்தும் நடத்தப்படுகிறவை. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, ஜனவரி 28 அன்று மூடப்படும். இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. திறந்த நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாட்கள் பிடிக்கும். முறை வைத்து நீர் விடும் நாட்களிலோ, சென்ற வாரம் இடுப்பளவு இருந்த குடமுருட்டியில் இந்த வாரம் கணுக்கால்தான் நனையும். ஆகவே, நீங்கள் அடிக்கடி போகப்போகும் துறை எது, அங்கே எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம் இருக்கும், மணல் திட்டு எங்கே தலைகாட்டும் என்பதை ஒரு பருவம் முழுக்கக் கரையிலிருந்தே கவனித்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் முறை.

அப்படிக் கவனித்தவர்கள் 14 அடிப் படகைக் கேட்க மாட்டார்கள். நீளமான, குறுகலான படகு நேராகவும் வேகமாகவும் போகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குணம் கடலோரத்திலும் பெரிய ஏரிகளிலும் நாள் முழுக்கத் துடுப்பு வலிப்பவர்களுக்கே பயன்படும். அரசலாற்றின் வளைவிலும், ஆகாயத்தாமரை அடைத்த ஓடையிலும் திரும்புவதற்கு 9 அடி முதல் 11 அடி வரையிலான நீளமும், 28 முதல் 32 அங்குல அகலமும் உள்ள படகே ஏற்றது. அடிப்பாகம் கூர்மையாக இல்லாமல் தட்டையாகவோ, நடுவில் லேசாகக் குழிந்தோ இருந்தால் ஒரு சாண் நீரிலும் மணலை உரசாமல் கடந்துவிடும். நேராகச் செல்வதற்கென்று அடியில் நிலையாகப் பொருத்திய தகடு இருக்கும் படகுகளை இங்கே தவிர்ப்பது நல்லது. மணல் திட்டில் முதலில் மாட்டுவது அந்தத் தகடுதான். கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் குறையில்லை.

அடுத்த தவறு எடையைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வாங்கிய ஓராண்டுக்குள் படகைத் தொடாமல் போட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் போட்டுவிடுகிறார்கள். பாலிஎத்திலீனில் வார்த்த 10 அடிப் படகு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். கடையின் வழுவழுப்பான தரையில் இரண்டு பேர் தூக்கிக் காட்டும்போது அது ஒன்றுமில்லாததாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் சாலைக்கும் நீருக்கும் இடையே கரை இருக்கிறது, கரைக்குக் கீழே படித்துறை இருக்கிறது, படித்துறையின் கடைசிப் படிகளில் பாசி இருக்கிறது, அதற்கும் கீழே நீர் இறங்கிய நாட்களில் ஐம்பது அறுபது அடிக்கு மணல் இருக்கிறது. இத்தோடு முடிவதுமில்லை. டெல்டாவின் ஆறுகளில் எந்தத் திசையில் போனாலும் சிறிது தூரத்தில் ஒரு நீரொழுங்கி, அதாவது நீரைத் திறந்து அடைக்கக் கதவுகள் வைத்த தடுப்பு, குறுக்கிடும். ஊரார் சட்ரஸ் என்பார்கள். அந்த இடத்தில் படகைத் தூக்கி, சரிவான கரையில் ஏற்றி, மறுபுறம் இறக்கியாக வேண்டும். ஒரு நாளில் இரண்டு சட்ரஸ் என்றால் நான்கு முறை கரையேறி இறங்குகிறீர்கள்.

எனவே, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, நீங்கள் படகு இறக்கப்போகும் அதே துறையில், சாலையிலிருந்து நீர்விளிம்பு வரை ஒரு முறை போய்த் திரும்புங்கள். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கினால், அதைவிடக் கனமான படகு உங்களுக்கு வேண்டாம். சிப்பமாவது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். படகு காற்றில் திரும்பும், முன்னால் இருப்பது தெரியாமல் மறைக்கும், இடுப்பெலும்பில் இடிக்கும். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. மண் சாலையில் அது உதவும். படியில் உதவாது, மெல்லிய சக்கரமாக இருந்தால் ஆற்று மணலில் புதைந்துகொள்ளும். தனியாகப் போகிறவருக்கு 20 கிலோவுக்குள் இருக்கும் படகையே நான் சொல்வேன். அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுக்கலாம்.

தூக்குவதற்குச் சோம்பி, கதவு திறந்திருக்கும் சட்ரஸின் ஊடே படகோடு இறங்கிவிடலாம் என்று எண்ணுவது தவறு என்று சொல்வதே போதாது. அது உயிரைப் பறிக்கும். கதவுக்குக் கீழே விழும் நீர் அடியில் சுருண்டு மீண்டும் கதவை நோக்கியே இழுக்கும். அந்தச் சுழலில் அகப்பட்ட படகையோ ஆளையோ, உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தாலும், அது எளிதில் வெளியே விடாது. எந்தப் படகும் இதற்கு வடிவமைக்கப்பட்டதன்று. நூறு மீட்டருக்கு முன்பே கரை ஒதுங்கிவிட வேண்டும். நீரின் வேகத்தை அறியவும் ஒரு வழி உண்டு. காய்ந்த தென்னை மட்டை ஒன்றை நடு ஆற்றில் வீசிவிட்டுக் கரையோரமாக அதனோடு நடந்து பாருங்கள். நிதானமாகத் துடுப்பு வலிப்பவர் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர்தான் போக முடியும். அது ஏறக்குறைய நடை வேகம். மட்டை உங்களை முந்திக்கொண்டு போனால், அன்று நீரை எதிர்த்துத் திரும்பி வர உங்களால் இயலாது.

படகின் மேல் உட்காருவதா, உள்ளே உட்காருவதா என்ற கேள்வியில் நானே தவறு செய்திருக்கிறேன். நான் முதலில் வாங்கியது உள்ளே கால் நீட்டி உட்காரும் 12 அடிப் படகு. பார்க்க அழகாக இருந்தது. உடம்பு நனையாது என்றார் விற்றவர். குடமுருட்டியில் ஒரு வளைவில் நீர் என்னைக் கரையோரக் காட்டாமணக்குப் புதருக்குள் தள்ளியபோது, தலையில் கிளை இடிக்காதிருக்க அதைக் கையால் பிடித்தேன். பிடித்த கை நின்றது, படகு நிற்கவில்லை. நீர் வரும் பக்கமாகச் சாய்ந்து நிரம்பிவிட்டது. இடுப்பளவு ஆழம்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் படகில் முன்னும் பின்னும் நீர் புகாமல் அடைக்கும் தடுப்பு எதுவும் இல்லாததால், அணியம் முதல் அமரம் வரை நீர் ஏறிவிட்டது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நூறு லிட்டருக்கு மேல் புகுந்த படகை இருவர் சேர்ந்தும் தூக்க முடியாது. நானும் என் மைத்துனரும் அதை ஒருக்களித்து ஒருக்களித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை வடித்துக் கரை சேர்க்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருக்கையின் நுரைப்பஞ்சுக்குள் புகுந்த வண்டல் வாரக்கணக்கில் உதிர்ந்துகொண்டிருந்தது.

குளிர்ந்த நாடுகளில் உள்ளே உட்காரும் படகுக்குத் தக்க காரணம் இருக்கிறது. அங்கே நனைவதே ஆபத்து. நம் வெயிலில் அந்தக் குழிக்குள் கால்கள் வேகும். மேலே உட்காரும் படகு கவிழ்ந்தாலும் மூழ்காது. திருப்பிப் போட்டு, வயிற்றைக் குறுக்கே போட்டு ஏறி, மீண்டும் உட்காரலாம். தளத்தில் சேரும் நீர் வடிகால் துளைகள் வழியே தானே இறங்கிவிடும். டெல்டாவில் தொடங்குகிறவருக்கு இதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே உட்காரும் வகைதான் வேண்டும் என்பவர்கள், குறைந்தது பின்புறத்திலாவது நீர்த்தடுப்பும், தொடை உரசாமல் எழுந்து வெளியேறும் அளவுக்குப் பெரிய வாயும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

படகின் மேல் எழுதியிருக்கும் சுமைத்திறனை அப்படியே நம்புவதும் பரவலான தவறு. 120 கிலோ என்று எழுதியிருந்தால், அது படகு தாங்கும் உச்ச வரம்பு. நன்றாக ஓடும் அளவு அன்று. அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 80 கிலோவை, உங்கள் எல்லையாகக் கொள்வது பாதுகாப்பு. அந்த 80 கிலோவுக்குள் உங்கள் உடல் எடை மட்டுமின்றி, குடிநீர், சாப்பாடு, அங்கி, மாற்றுத்துணி, தூண்டில், போகிற வழியில் ஏற்றிக்கொள்ளும் குழந்தை எல்லாமே அடங்க வேண்டும். அளவு மீறினால் வடிகால் துளைகள் தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும்: வெளியேற வேண்டிய நீர் அவற்றின் வழியே மேலே வந்து இருக்கையைச் சுற்றித் தேங்கும், ஒவ்வொரு துடுப்புக்கும் படகு கனத்துப் பின்தங்கும். நல்ல உடல்வாகு உள்ளவர்கள் விலைக்காக 100 கிலோ படகை எடுத்துவிட்டு, தங்களுக்கு ஓட்ட வரவில்லை என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். வராதது ஓட்டமன்று, அந்தப் படகு அவர்களுக்கானதன்று.

முதல் நாள் உட்கார்ந்தவுடன் கொஞ்சம் ஆடுகிறது என்பதற்காக ஒரு படகை வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. லேசாக ஆடும் படகு சாய்ந்த பிறகு ஓரிடத்தில் தாங்கி நிற்பதுண்டு. பலகை போல அசையாமல் இருக்கும் மிகத் தட்டையான படகு, ஓர் எல்லை வரை சாய்ந்துவிட்டுச் சட்டென்று கவிழ்ந்துவிடுவதும் உண்டு. இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே சாய்த்துப் பார்ப்பதுதான் சோதனை.

காற்றடைத்துப் பயன்படுத்தும் படகு, மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் கார் இல்லாதவர்களுக்கும் பெரிய வசதி. மடித்துப் பையில் போட்டுப் பேருந்திலேயே கொண்டுபோகலாம். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நீச்சல் குளத்துக்கென்று விற்கும் மெல்லிய வகையை வாங்கி ஆற்றில் இறக்குவது வீண். நம் கரைகள் எங்கும் சீமைக்கருவேல முள் கிடக்கிறது; படித்துறை ஓரங்களில் உடைந்த கண்ணாடியும் கிடக்கிறது. தடித்த பிவிசி அடுக்கும், தரைப்பகுதியில் உள்ளே நூல் கோத்து இறுக்கமாகக் காற்று நிற்கும் அமைப்பும், ஒன்று போனாலும் மற்றவை மிதக்கும்படி தனித்தனி அறைகளும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, இவை இலேசானவை என்பதால் காற்றுக்கு எளிதில் இரையாகும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது, பத்து கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வீராணம் போன்ற திறந்த ஏரிப்பரப்பில் முற்பகலுக்குப் பிறகு இவற்றைக் கொண்டு கரை திரும்புவது கடினம்.

இரண்டு பேர் அமரும் படகைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணவனும் மனைவியும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே போவார்கள் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் 30 கிலோவைத் தாண்டும் அதைத் தனியாளாகக் கரையேற்ற முடியாமல் அது மாட்டுக்கொட்டகையில் கிடக்கும்.

பணம் முழுவதையும் படகுக்கே செலவழித்துவிட்டு, மீதியில் துடுப்பும் அங்கியும் வாங்குவது இன்னொரு தவறு. ஒரு மணி நேரத்தில் துடுப்பை ஆயிரம் முறைக்கு மேல் தூக்கிப் போடுகிறோம். அதில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமையும் தோள் உணரும். 30 அங்குலத்துக்கு மேல் அகலமான படகுக்கு 230 அல்லது 240 சென்டிமீட்டர் நீளத் துடுப்பு வேண்டும். அதைவிடக் குறைந்தால் விரல் முட்டி படகின் விளிம்பில் இடிக்கும். உயிர்காப்பு அங்கியை உங்கள் எடைக்கு ஏற்ற அளவில், அணிந்து பார்த்து வாங்குங்கள். எல்லா வாரையும் இறுக்கிக்கொண்டு, தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறினால் நீரிலும் அப்படியே ஏறி முகத்தை மறைக்கும். நீச்சல் தெரிந்தவர்கள் அதை முதுகுக்கு அணையாக வைத்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. காவிரியில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. முழங்கால் நீரிலிருந்து அடுத்த அடியில் ஆளை முழுக்கும் ஆழம் வரும்.

எல்லா நீரும் கயாக்குக்கு உரிய நீர் அன்று என்பதையும் வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும். அணைக்கரையை ஒட்டிய கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு; அங்கே எந்தப் படகோடும் இறங்கக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். கழிமுகத்து உப்பு நீரில் பயன்படுத்தினால், அன்றே நல்ல நீரில் கழுவாத திருகாணிகளும் கொக்கிகளும் துருவேறிவிடும்; ஆகவே அங்கே போக எண்ணுகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகில் அவை இருக்கும் படகைக் கேட்டு வாங்க வேண்டும். ஏரிகளிலும் கோயில் குளங்களிலும் உரியவர்களைக் கேட்காமல் இறக்காதீர்கள்.

கடைசியாக, படகை எங்கே வைப்பது என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு யோசிக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. தை மாதம் அணை மூடியதிலிருந்து ஆனி பிறக்கும் வரை, நான்கு மாதத்துக்கு மேல் அது சும்மாதான் கிடக்கப்போகிறது. அதுவும் ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில். மொட்டை மாடியில் போட்டால் பிளாஸ்டிக் வெளிறி உறுதி இழக்கும்; சிமெண்ட் தரையில் கிடத்தினால் அடிப்பாகம் அமுங்கிக் குழியும். நிழலில், கவிழ்த்து, அகலமான இரண்டு வார்களில் தொங்கவிடுவதே சரி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் 10 அடிப் படகு வாசலிலிருந்து கொல்லை வரை வளையாமல் போய்விடும். ரேழியில் மாடிப்படி கட்டி வழியைத் திருப்பிய வீடுகளில் 9 அடிகூட நுழையாது. கடைக்குப் போகும் முன் 10 அடிக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டி, அதன் நடுவில் குறுக்காக 32 அங்குலக் குச்சி ஒன்றைக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து அது தங்கப்போகும் இடம் வரை ஒரு முறை நடந்து பாருங்கள்.