டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ்: நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஹவுஸ் சர்ஜன்களுக்குக் கற்பிக்கும் முறை

ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஹார்வர்டு மருத்துவமனைகளில் 60 பேரிடம் இதைக் கேட்டு 1978-இல் வெளியிட்டார்கள். விடை ஏறத்தாழ 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்தான். அதிகமாக வந்த விடை 95. மூளை பரிசோதனை முடிவைப் பிடித்துக்கொண்டு, நோய் எவ்வளவு அரிது என்பதை விட்டுவிடுகிறது.

பேயஸ் சூத்திரத்தோடு (புதுச் சான்று வந்ததும் வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடும் சூத்திரம்) வகுப்பைத் தொடங்காதீர்கள். சூத்திரம் தேர்வோடு மறந்துபோகும். ஆட்களை எண்ணும் பழக்கம் வார்டு வரை கூட வரும். முதலில் கேள்வியைக் கொடுத்து, பெயர் போடாத துண்டுச்சீட்டில் ஊகத்தை எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டால், விடை தெரிந்தபின் எல்லோரும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்பார்கள்.

அடுத்து பலகையில் 1000 பேர். கணக்கு எளிதாக வர, இதய ரத்தக்குழாய் நோயைத் தேட, நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் டெஸ்ட்டின் சென்சிடிவிட்டி (நோயுள்ளவர்களில் பாசிட்டிவ் வருவோர்) 70, ஸ்பெசிபிசிட்டி (நோயில்லாதவர்களில் நெகட்டிவ் வருவோர்) 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளவயது, நெஞ்சுவலி இதய வலி மாதிரியே இல்லை. இத்தகையோரில் 5 சதவீதம் பேருக்கு நோய் என்போம். நோயுள்ள 50 பேரில் 35 பேருக்குப் பாசிட்டிவ். நோயில்லாத 950 பேரில் 190 பேருக்கும் பாசிட்டிவ். ஆக 225-இல் 35, அதாவது 16 சதவீதம்.

டெஸ்ட்டை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றுங்கள்: வயது 60, சர்க்கரை நோய், நடந்தால் வலி, நின்றால் விடுகிறது. இங்கே 60 சதவீதம் பேருக்கு நோய் என்று கொண்டால், 420 சரியான பாசிட்டிவ், 80 தவறானவை; 84 சதவீதம். இந்த வகுப்பின் உயிர்நாடி அடுத்த வரியில் இருக்கிறது: இதே குழுவில் நெகட்டிவ் வந்த 500 பேரில் 180 பேருக்கு நோய் இருக்கிறது. "நெகட்டிவ், வீட்டுக்குப் போகலாம்" என்ற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லாமலே புரியும்.

மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில். 35-ஐ 50-ஆல் வகுத்துவிட்டு 70 என்பார்கள்; அது சென்சிடிவிட்டி. பாசிட்டிவ் வந்த 225 பேரையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்துவிட்டுப் பிறகு வகுக்கச் சொல்லுங்கள்.

"இன்னொரு முறை செய்து பார்க்கலாமே" என்ற கேள்வி கட்டாயம் வரும். இதயத்தின் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) தடித்திருந்தாலோ, நோயாளி டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிட்டாலோ, பாசிட்டிவ் என்று கொள்ளும் எஸ்டி இறக்கம் (ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி தாழ்வது) தவறாக வரலாம்; அந்தக் காரணம் நாளைக்கும் அப்படியே இருக்கும். அதே தவறு திரும்ப வருவதைப் புதுச் சான்றாக எண்ணக் கூடாது. வேறு வகைப் பரிசோதனைதான் தேவை.

வார்டுக்கு வந்ததும் ஒரு விதி போதும்: ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன், வயது, அறிகுறி, ஆபத்துக் காரணிகளை வைத்து "நூறில் எத்தனை பேர்" என்ற தன் மதிப்பீட்டைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பார்த்தபின் இன்னொரு எண். முதல் எண்ணை அடித்துத் திருத்த அனுமதிக்காதீர்கள். சில வாரம் கழித்து டி-டைமர் (ரத்தக்கட்டி சந்தேகத்தில் செய்யும் ரத்தப் பரிசோதனை) போன்ற வேறொரு பரிசோதனையைக் கொடுத்து, 1000 பேரை நோயுள்ளவர், இல்லாதவர், பாசிட்டிவ், நெகட்டிவ் என்று கிளை பிரிக்கும் மரப்படத்தை உதவியில்லாமல் வரையச் சொல்லுங்கள்.