உப்புக்காற்றில் ஓடப்போகும் சைக்கிள்: விலை கொடுத்து வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடும்பயணத்துக்கென்று நான் முதன்முதலில் வாங்கிய விலை உயர்ந்த சைக்கிளின் சீட் கம்பி, பதினெட்டே மாதங்களில் ஃபிரேமுக்குள் இறுகிப்போனது. இராமநாதபுரத்தில் பல காலமாகச் சைக்கிள் பழுதுபார்த்துவரும் பெரியவர் ஒருவர் அதைத் திருகிப் பார்த்தார், மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டுப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் ஆக்சா பிளேடை உள்ளே விட்டு, அந்த அலுமினியக் கம்பியை நீளவாக்கில் அறுத்து, உட்பக்கமாக மடக்கித் துண்டு துண்டாக எடுத்தார். வெளியே வந்த ஒவ்வொரு துண்டின் மீதும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. "தம்பி, இது துரு இல்ல. இரும்பும் அலுமினியமும் உப்புத்தண்ணியில ஒண்ணோட ஒண்ணு கட்டிப் புடிச்சிருச்சு. வாங்குன அன்னைக்கே கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தா இந்த வேலையே இல்ல" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எஃகுக் குழாயும் அலுமினியக் கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அந்த இடம் ஒரு சிறு மின்கலமாகவே மாறி அலுமினியத்தை அரிக்கிறது. அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி அலுமினியத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்பி ஆப்பு அடித்தாற்போல இறுகுகிறது. விற்ற கடையில் கிரீஸ் தடவவில்லை, தடவியிருக்கிறார்களா என்று நானும் கேட்கவில்லை. தொண்டி முதல் சாயல்குடி வரை இந்தக் கடலோரத்தில் இருந்துகொண்டு, முதல் முறையாகப் பெருந்தொகை கொடுத்துப் பயண சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதாம். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கும். ஆனால் உப்பு, முள், காற்று, அருகில் உதிரிப்பாகக் கடை இல்லாமை ஆகிய நான்கையும் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்ததாக இருக்காது.

ஃபிரேமிலிருந்து தொடங்குகிறேன். நெடும்பயண சைக்கிள்களில் பெரும்பாலும் குரோமோலி என்னும் எஃகுக் கலவையே பயன்படுகிறது. அதிர்வைத் தாங்கும், சுமையைத் தாங்கும், முறிந்தால் வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் அது நல்ல தேர்வுதான். ஆனால் பெயரில் குரோமியம் இருப்பதைப் பார்த்து, துருப்பிடிக்காத எஃகு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 4130 என்ற எண்ணுடைய வழக்கமான குரோமோலியில் குரோமியம் ஏறக்குறைய 1 சதவீதம்தான் இருக்கிறது. எவர்சில்வர் போலத் துருவை எதிர்க்க வேண்டுமானால் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். ஆகவே குரோமோலி துருப்பிடிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத குழாயின் உட்புறத்திலிருந்து பிடிக்கும். இந்தக் காற்றின் அரிப்பு எத்தகையது என்பதற்குப் பாம்பனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1914இல் திறந்த ரயில் பாலத்தில், தூக்குப் பகுதி அரிப்பால் பலவீனமடைந்ததால், 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகே ரயில் மீண்டும் தீவுக்குள் போனது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் காலமெல்லாம் பெயின்ட் அடித்துக் காத்த இரும்புக்கே அந்த நிலை என்றால், திண்ணையில் நிற்கும் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இதற்காக எஃகை ஒதுக்க வேண்டியதில்லை. அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் செந்துரு பிடிக்காது என்பது உண்மை. டைட்டானியத்தின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது என்பதும் உண்மை. எஃகு வண்டி வாங்குவோர் மூன்று விஷயங்களைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டால் போதும். குழாய்களின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்திருக்கிறார்களா, இல்லையென்றால் வண்டியைப் பூட்டுவதற்கு முன் தெளித்துத் தருவார்களா என்பது ஒன்று. கீழே தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்பது இன்னொன்று. சீட் கம்பி, பெடல், போல்ட்டுகள் என்று உலோகத்தோடு உலோகம் சேரும் எல்லா இடங்களிலும் கிரீஸ் இருக்கிறதா என்பது மூன்றாவது. பெட்டியில் வந்து இறங்கும் வண்டிகளில் இவற்றில் எதுவும் செய்திராமல் இருப்பது சாதாரணம். சக்கரக் கம்பிகளை ரிம்மோடு பிணைக்கும் சின்னஞ்சிறு நிப்பிள்கள் எதனால் ஆனவை என்றும் பாருங்கள். எடையைக் குறைக்கச் சில நிறுவனங்கள் அலுமினிய நிப்பிள்களைப் போடுகின்றன. நம் கடலோரத்தில் அவை சில ஆண்டுகளில் பொடிந்து, கோட்டம் எடுக்கச் சாவியை வைத்துத் திருப்பும்போதே உடைந்துவிடுகின்றன. பித்தளை நிப்பிளும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் உள்ள சக்கரமே இங்கே ஏற்றது. சுமையோடு போகும் வண்டியில் பின்சக்கரத்துக்கு 32க்குக் குறையாமல் கம்பிகள் வேண்டும். 36 இருந்தால் இன்னும் நன்று.

சக்கரத்தின் அளவில்தான் புதியவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். ஊரில் தாத்தா காலத்திலிருந்து ஓடும் பெரிய சைக்கிளின் டயரில் 28 என்று இருக்கும். பயண சைக்கிளில் 700சி என்று இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே உயரம் என்பதால், அவசரத்துக்கு ஏதாவது ஒரு கடையில் டயர் கிடைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். கிடைக்காது. டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் நம்மூர் 28 × 1½ டயருக்கு 635 மில்லிமீட்டர், 700சிக்கு 622 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. 26 என்ற எண்ணும் இப்படித்தான். பழைய பாணி 26 × 1⅜ டயரின் விட்டம் 590, மலைச் சைக்கிள் வகை 26இன் விட்டம் 559. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல அச்சிட்டிருக்கும் இரட்டை எண்ணில் இரண்டாவது எண்ணை மட்டுமே நம்புங்கள். இப்போது பையன்கள் ஓட்டும் 29 அங்குல மலைச் சைக்கிளின் எண்ணும் 622தான் என்பது ஒரு நல்ல செய்தி; அகலம் ஒத்துவருமானால் அந்த டியூபும் டயரும் நெருக்கடியில் கைகொடுக்கும்.

காற்று அடிக்கும் வாயும் ஒரு சிக்கல். உச்சிப்புளிக்கு அருகே ஒருமுறை பஞ்சர் ஒட்டிவிட்டு, சாலையோர மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்க நின்றேன். கடைக்காரத் தம்பி குழாயை எடுத்து வந்து என் டியூபின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் வைத்தார். குழாயின் வாய் அகலம், வால்வு ஒல்லி, காற்று முழுவதும் வெளியே சீறியது. "இது என்ன அண்ணே, ஊசி மாதிரி இருக்கு" என்று கேட்டார். அன்று என்னிடம் விரல்நுனி அளவிலான பித்தளை அடாப்டர் ஒன்று இருந்திருந்தால், கையடக்கப் பம்பால் அரைமணி நேரம் அடித்திருக்க வேண்டியதில்லை. அடாப்டர் வாங்கி வால்விலேயே மாட்டிவைப்பது ஒரு வழி. அதைவிடச் சிறந்த வழி, வாங்கும்போதே ரிம்மில் வால்வுத் துளை எந்த அளவில் போட்டிருக்கிறது என்று கேட்பதுதான். பிரெஸ்டாவுக்கான துளை 6.5 மில்லிமீட்டர், மோட்டார் சைக்கிள் வகை ஷ்ரேடர் வால்வுக்கு 8.5 மில்லிமீட்டர். பெரிய துளை உள்ள ரிம்மில் மோட்டார் சைக்கிள் வால்வும் நுழையும், நம்மூர் வால்டியூப் வகையும் நுழையும், சிறு வளையம் ஒன்றைப் போட்டால் பிரெஸ்டாவும் நிற்கும்.

பஞ்சர் என்றதும் முள்ளைப் பற்றிப் பேசியாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூர்ப் பக்கமானாலும் வாலிநோக்கத்துக்குத் திரும்பும் சாலையானாலும், இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. விறகு ஏற்றிய வண்டி போன பிறகு, சாலையோர மணலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீள முட்கள் சிதறிக் கிடக்கும். தரவை என்னும் திறந்தவெளிக்குள் இறங்கினால் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். இங்கே ஓட்டப்போகிறவர், வேகமாக உருளும் என்பதற்காக மெல்லிய 28 மில்லிமீட்டர் டயரோடு வண்டி வாங்குவது வீண் தொல்லை. 38 முதல் 47 வரை அகலமுள்ள டயர், மட்கார்டோடு சேர்ந்து, உரசாமல் நுழையும் இடைவெளி ஃபிரேமில் இருக்க வேண்டும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் போன்ற டயர்களில் மிதிபரப்புக்கு அடியில் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது. எடை கூடுதல்தான், உருளும்போது சற்று மந்தமாகத் தெரியும்தான். ஆனாலும் இந்தச் சாலைகளுக்கு நான் அதையே சொல்வேன். டியூப் இல்லாத டயரில் ஊற்றும் திரவம் சிறு துளைகளைத் தானாக அடைக்கும். ஆனால் நம் வெயிலில் அது சில மாதங்களிலேயே உலர்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

"நம்ம ஊர் பலகை மாதிரி சமதரை, கியர் எதற்கு" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. இங்கே மேடு இல்லை என்பது மெய். அந்த மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் மேல்காற்று பிடித்துவிட்டால், இராமேசுவரம் போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட அதே காற்று, திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது; எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். காற்று அசையாத காலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், 18 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால், காற்றின் தடையை நான்கு மடங்கு சந்திக்க வேண்டும். இரண்டு பக்கமும் பை தொங்கும் வண்டிக்கு இது இன்னும் கடினம். ஆகையால் குனிந்து பிடிக்க வசதியுள்ள வளைந்த ஹேண்டில்பாருக்கு இங்கே மதிப்பு உண்டு. தரை சமம் என்பதால் நேர் ஹேண்டில் போதும் என்று முடிவு செய்யும் முன், தனுஷ்கோடிச் சாலையில் ஒரு பிற்பகல் ஓட்டிப் பாருங்கள்.

கியரில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அன்று; மிகத் தாழ்ந்த கியர் எவ்வளவு தாழ்ந்தது என்பதே. பந்தய வகை வண்டியில் முன்னே 34 பல், பின்னே 28 பல் என்று கடைசிக் கியர் இருக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அதில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். முன்னே 26, பின்னே 34 உள்ள பயண வண்டியில் அதே மிதிக்கு 6 கிலோமீட்டர் போதும். கடலோரத்தில் மட்டும் ஓட்டும் வரை இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் பயண சைக்கிள் வாங்குகிறவர் என்றாவது ஒருநாள் மதுரையைத் தாண்டிக் கொடைக்கானல் ஏறத்தான் ஆசைப்படுவார். அங்கே 20 கிலோ சுமையோடு ஒன்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஏறச் சாதாரண உடம்பால் முடியாது. செயினுக்குப் பதிலாகப் பெல்ட்டும், பின்சக்கர மையத்துக்குள்ளேயே கியர்கள் அடங்கிய ரோலாஃப் போன்ற 14 கியர் ஹப்பும் உப்புக்கும் மணலுக்கும் அசராதவை. பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், பெல்ட்டை நுழைக்க ஃபிரேமின் பின்முக்கோணம் திறக்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரேக்கைப் பொறுத்தவரை, மணல் ஒட்டும் ரிம் பிரேக் ரிம்மையே தேய்த்துவிடும் என்பதால் டிஸ்க் பிரேக்கே நல்லது. அதிலும் கம்பி இழுக்கும் வகையை வழியில் நின்றே சரிசெய்துகொள்ளலாம்.

எடையைத் தூக்கிப் பார்த்து வண்டி வாங்குவதும் ஒரு தவறு. இரண்டு விரலால் தூக்கிக் காட்டும் விற்பனையாளரைப் பார்த்து மயங்க வேண்டாம். உறுதியான பயண சைக்கிள் 13, 14 கிலோ இருக்கத்தான் செய்யும். அதன்மேல் 15, 20 கிலோ சுமை ஏறிய பிறகு ஒரு கிலோ வித்தியாசம் காலுக்குத் தெரியாது. அந்த ஒரு கிலோவுக்காகப் பின்கேரியர் மாட்டும் திருகுத் துளைகளை இழப்பதும், பின்னச்சு முன்னே வந்து ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிப்பதும் நாள் முழுவதும் தெரியும். ஃபிரேமின் அளவை எண்ணைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 54, மற்றொன்றின் 54 ஆகாது. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டையிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் கால் உள்ளவருக்கு அது 70.6. அந்த உயரத்தில் சீட்டை வைத்து உட்கார்ந்த பிறகு, ஹேண்டிலை எட்டிப் பிடிக்கத் தோளை இழுக்க வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களுக்குப் பெரிது.

இத்தகைய வண்டி வாங்க இங்கிருந்து பெரும்பாலும் மதுரைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகிறோம். போகும்போது இரண்டு பைகளில் பத்துக் கிலோ அரிசியைப் பிரித்துக் கட்டி எடுத்துப்போங்கள். கேரியர் மாட்டச் சொல்லி, அந்தச் சுமையோடு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வெறும் வண்டியில் தெரியாத ஆட்டம் சுமையில்தான் தெரியும். நல்ல கடைக்காரர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், கால் பங்கையாவது கேரியர், தண்ணீர் புகாத பை, மட்கார்டு, விளக்கு, ஹெல்மெட், கூடுதல் டியூப் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவையுங்கள். இவை இல்லாமல் அது பயண சைக்கிள் ஆகாது.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சீட் கம்பியை ஒருமுறை உருவிப் பாருங்கள். கிரீஸ் இல்லையென்றால் தடவுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்று மாலையே, ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அந்தக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி கிரீஸ் தடவிச் செருகுங்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பெரியவரிடம் ஆக்சா பிளேடோடு ஒரு பகல் உட்கார்ந்திருந்த பிறகு, நான் ஒரு மாதம்கூட அதைத் தவறவிட்டதில்லை.