மாருதி 800-ல் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி மாருதி 800. இன்றும் ஏராளமான வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய 800-ல் கியர் மாட்டிக்கொண்டு வராவிட்டாலோ, போடும்போது 'கர்ர்' என்று அரைத்தாலோ, பலருக்கும் முதலில் தோன்றுவது கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதுதான். பெரும்பாலும் அது போயிருக்காது. கோளாறு கிளட்ச் கேபிளிலோ கியர் ராடு புஷ்ஷிலோ (லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பியின் மூட்டுகளில் இருக்கும் உறை) இருக்கும். இரண்டும் மலிவான பாகங்கள், இரண்டையும் வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். அதனால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

முதல் சோதனை: இன்ஜின் ஆஃப், இன்ஜின் ஆன்

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜினை அணைத்து, கிளட்சை முழுவதும் மிதித்து, எல்லா கியரையும் ஒரு சுற்று போட்டுப் பாருங்கள். பிறகு பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள்.

அணைந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை, அதாவது இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸை முழுதாக விடுவிக்கவில்லை. இரண்டு நிலையிலும் கடினமாக இருந்தால் கியர் ராடு பக்கம் பாருங்கள். வண்டி ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்து, மற்றவை ஒழுங்காக விழுந்தால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் (கியர் அரைக்காமல் விழ வேகத்தைச் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை. இன்ஜின் ஐடிலில் இருக்க, வண்டி அசையாமல் நிற்க, கிளட்சை முழுதாக மிதித்து ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாகப் பிரிந்திருந்தால் அந்த ஐந்து வினாடியில் உள்ளே சுழலும் ஷாஃப்ட் நின்றுவிடும், சத்தம் வராது. அரைத்தால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுதாகப் பிரியவில்லை என்று அர்த்தம். அரைக்காமல் ஒரேயடியாக முட்டி நின்றால் பயப்பட வேண்டாம். பல்லோடு பல் நேருக்கு நேர் நின்றிருக்கும். நியூட்ரலுக்கு வந்து கிளட்சை ஒருமுறை விட்டு, மீண்டும் மிதித்துப் போட்டால் விழும்.

கிளட்ச் கேபிள்

முதலில் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் மேட்டை எடுத்துவிடுங்கள். பெடல் முழுதாக இறங்காததற்கு சில வண்டிகளில் அது மட்டுமே காரணம்.

அடுத்து பெடலின் ஃப்ரீ பிளே. பெடலை விரலால் மெல்ல அழுத்தினால் தொடக்கத்தில் கனமே இல்லாமல் கொஞ்ச தூரம் போகும், அதன் பிறகுதான் எதிர்ப்பு தெரியும். எதிர்ப்பு தொடங்கும் வரையிலான தூரத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். 15 முதல் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேபிள் நீண்டுவிட்டால் இந்த அளவு கூடும்; மிதிப்பதில் பாதி வீணாகி கிளட்ச் பிரியாது. கிளட்ச் பிளேட் தேயத் தேய இதே அளவு குறைந்துகொண்டே வரும். இரண்டு தேய்மானமும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், அளக்காமல் நட்டைத் தொடக்கூடாது.

சரிசெய்யும் நட், கேபிளின் கீழ் முனையில், கியர்பாக்ஸ் மேலிருக்கும் ரிலீஸ் ஆர்மில் (கேபிள் இழுக்கும் கை) உள்ளது. துருவில் இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து கால் மணி நேரம் விடுங்கள். நட்டை இறுக்கினால் ஃப்ரீ பிளே குறையும், தளர்த்தினால் கூடும். இரண்டு சுற்று திருப்புங்கள், பெடலைப் பத்து முறை மிதித்து விடுங்கள், மீண்டும் அளங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இறுக்க இறுக்க கியர் லேசாக விழும். அந்த சந்தோஷத்தில் ஃப்ரீ பிளே பூஜ்யமாகும் வரை இறுக்கிவிடுகிறார்கள். அப்போது ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சைப் பிரிக்கும் பேரிங்) பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டு) எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிளேட் வழுக்கி எரியும், பேரிங்கும் கத்தத் தொடங்கும். சில மாதத்தில் கிளட்ச் செட்டே போய்விடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

மரை முடியும் வரை இறுக்கியும் அளவு வரவில்லை, அல்லது கேபிள் முனையில் இழை பிரிந்து தெரிகிறது என்றால் கேபிளை மாற்றிவிடுங்கள். இழை பிரிந்த கேபிள் நடுரோட்டில்தான் அறும். புதிய கேபிளின் இரண்டு கொக்கி முனைகளிலும் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

கேபிள் சரி, அளவும் சரி, இருந்தும் ரிவர்ஸ் அரைக்கிறது என்றால் கோளாறு கிளட்சுக்குள் இருக்கிறது. மழைக்காலம் முழுக்க எடுக்காமல் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கியர் ராடும் புஷ்ஷும்

800-ல் கியர் லீவரிலிருந்து ஒரு ராடு வண்டிக்கு அடியில் ஓடி கியர்பாக்ஸைச் சேர்கிறது. அது மாட்டும் இடங்களில் புஷ்கள் இருக்கும். அவை தேய்ந்தால் லீவர் நியூட்ரலிலேயே ஆடும், எந்த கியர் எங்கே என்று கைக்குத் தெரியாது, இரண்டாவதுக்குப் பதில் நாலாவதில் போய் விழும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல் முட்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. உள்ளே ஒருவர் லீவரை மெல்ல அசைக்க, நீங்கள் ராட்டின் இரண்டு முனைகளையும் பாருங்கள். லீவர் அசைந்த பிறகும் கியர்பாக்ஸ் பக்க முனை அசையத் தாமதமானால் நடுவே எங்கோ லூஸ் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தால் எந்த மூட்டு என்று தெரிந்துவிடும்.

புஷ் செட்டாக வாங்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்ததன் லூஸ் அப்படியே இருக்கும். ராடு முனையில் துருவைத் தேய்த்தெடுத்து, லித்தியம் கிரீஸ் மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள். பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சேறு உள்ளே போகும் வழி அதுதான்.

ஓட்டும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டையும் பாருங்கள். ரப்பர் கிழிந்த மவுண்டில் இன்ஜின் சாயும்போது ராட்டையும் சேர்த்து இழுக்கும்.

கியர் ஆயில்

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு லெவல் பிளக்கைக் கழற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் அடி பிளக் வழியாக முழுதும் வடித்துவிட்டு, அதை மூடி, லெவல் துளையிலிருந்து சொட்டும் வரை புதியதை ஊற்றுங்கள்.

75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (ஆயிலின் தரம்) என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் ஜிஎல்-5 என்று மட்டும் போட்டிருக்கும் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது. கெட்டியான ஆயில் ஊற்றிய வண்டி ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் கியர் போடவே விடாது.

வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிற மாவு போன்ற தூள் பழைய கியர்பெட்டியில் இயல்பு. பொன்னிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ தேய்கிறது. இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும் என்றால்

மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே கியர் அரைத்தால், அல்லது மவுண்டும் ராடும் சரியாக இருந்தும் கியர் கழன்றால், பெட்டியை இறக்கத்தான் வேண்டும். இது தொடக்கநிலையில் இருப்பவர் செய்யும் வேலையல்ல. ஆனால் மெக்கானிக்கிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருங்கள். சிங்க்ரோ ரிங்கை கியரின் கோனில் (கூம்புப் பகுதி) அழுத்தி, ரிங்குக்கும் கியருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளக்கச் சொல்லுங்கள், 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் ரிங் மாற்ற வேண்டும். கூடவே கியரைப் பிணைக்க நகரும் ஹப் ஸ்லீவின் பல் முனை மழுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மழுங்கிய ஸ்லீவோடு புது ரிங் போட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான். பெட்டி கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றிவிடுங்கள். இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீலும் அந்தக் கணக்கில் சேரட்டும். பின்னால் அதற்காக மட்டும் பெட்டியை இறக்கினால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டிவரும்.