பழைய வெள்ளியின் முத்திரையைப் படிப்பது எப்படி?

துரை பங்களாவில் வேலை பார்த்த தாத்தாவுக்குக் கிடைத்த தேக்கரண்டி, தமிழ்நாட்டிலிருந்து வந்த கொள்ளுப்பாட்டியின் தண்டை, கண்டிப் பக்கத்தில் வாங்கிய சுண்ணாம்புக் கரண்டகம் என்று மலையக வீடுகளில் பழைய வெள்ளி இன்னும் இருக்கிறது. தயவுசெய்து எடைக்குப் போடுவதற்கு முன் அதிலுள்ள முத்திரையை, அதாவது தரம், ஊர், ஆண்டு, செய்தவர் ஆகியவற்றைச் சொல்லும் சிறு பொறிப்புகளை, படித்துப் பாருங்கள். உருக்கிய பின் படிக்க எதுவும் இருக்காது.

முதலில், துலக்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு முத்திரையும் தேயும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றினால் போதும்.

அடுத்து, முத்திரையைத் தேடுங்கள். கரண்டியில் காம்பின் பின்புறம், கேத்தலில் அடிப்பாகமும் மூடியின் உட்புறமும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். டோர்ச் வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முத்திரையின் மேல் வாயால் ஊதி ஆவி படியவிட்டால், தேய்ந்த கோடுகூடச் சில விநாடிகள் தெளியும். உடனே படம் எடுத்துவிடுங்கள்.

ஈ.பி.என்.எஸ். (EPNS) என்று இருந்தால் அது வெள்ளி முலாம். 1840இல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறைக்குப் பின் பெருகியது. காந்தத்தை நம்பாதீர்கள், வெள்ளியைப் போலவே முலாமுக்கு உள்ளே இருக்கும் நிக்கல் கலவையும் அதில் ஒட்டாது.

இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும். அது 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்கான அடையாளம். பக்கத்தில் ஊர் முத்திரை: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெபீல்ட். பிறகு ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, செய்தவரின் பெயரெழுத்துகள். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அரசர் அல்லது அரசியின் தலையும் உண்டு.

புதியவர்கள் தடுமாறுவது ஆண்டெழுத்தில்தான். லண்டன் 20 எழுத்துகளை வைத்துச் சுற்றிச் சுற்றி வரும். 1796க்கும் பெரிய 'ஏ' (A), 1876க்கும் அதே பாணியில் பெரிய 'ஏ'. எழுத்தை மட்டும் பார்த்தால் எண்பது வருடம் பிசகிவிடும். சிறுத்தையைப் பாருங்கள்: தலையில் கிரீடம் இருந்தால் 1796, வெறுந்தலை என்றால் 1876. வரித் தலை வலப்பக்கம் பார்த்தால் மூன்றாம் ஜோர்ஜ், இடப்பக்கம் பார்த்தால் விக்டோரியா. எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும்வரை ஆண்டை எழுதிவைக்காதீர்கள். ஊரும் ஆண்டும் உறுதியான பிறகே பெயரெழுத்துகளுக்குப் போங்கள், ஒரே எழுத்துகளைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்னொன்று, இந்த ஆண்டு முத்திரை குத்திய ஆண்டு மட்டுமே. 1796இல் கண்டியில் மன்னராட்சி நடந்துகொண்டிருந்தது, அந்தக் கரண்டி பிற்பாடு யாரோ ஒருவரின் பெட்டியில்தான் மலையேறியிருக்கும்.

முத்திரையே இல்லையா? மனம் தளராதீர்கள். அன்றைய இந்தியாவிலும் இலங்கையிலும் இங்கிலாந்தைப் போன்ற கட்டாய முத்திரை முறை இருக்கவில்லை. மதராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தம் பெயரையே பொறித்தன. ஊர்த் தட்டார் எதையும் பொறிக்காமலே அருமையாகச் செய்து கொடுத்தார். இங்கே வேலைப்பாடுதான் முத்திரை. கொடி வேலை, அன்னம், தாமரை, சிங்கம் இருந்தால் கண்டியக் கைவினையாக இருக்கலாம். கண்டி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் கண்ணுக்கு, முத்திரையற்ற நல்ல தண்டை முத்திரை நிறைந்த பத்துக் கரண்டிகளை விட மேல்.

காம்பில் யாருடைய பெயரெழுத்துகளாவது செதுக்கியிருந்தால் அது வைத்திருந்தவருடையது. தோட்டத்தின் பெயர் தெரிந்தால், தோட்டங்களையும் துரைமாரையும் பட்டியலிட்ட பழைய பெர்கூசன் டைரக்டரியில் தேடலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் உட்காருங்கள். யார் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்தக் கல்யாணத்துக்கு என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, தேதி போட்டு, பொருளின் படத்தோடு சேர்த்து வையுங்கள்.